பென்சிலில் எழுதியிருந்த பெயர்

பட்டர்வொர்த்தில் குடியிருந்துகொண்டு, தினமும் பெர்ரி ஏறிப் பினாங்குத் தீவுக்கு வந்து, மருந்தகம் ஒன்றில் ஷிப்டு வேலை பார்க்கும் ஒரு பெண் கேட்டிருக்கிறார். கனமான புத்தகம் எதுவும் இப்போது ஓடவில்லையாம். மெல்லிய காதல் நாவலும், ரத்தம் தெறிக்காத மர்ம நாவலும்தான் பிடிக்கிறதாம். அண்ணன் 'இதெல்லாம் ஒரு வாசிப்பா?' என்று கேலி செய்கிறார். காதல் கதையில் இரண்டாம் அத்தியாயத்திலேயே யார் யாரைக் கட்டப்போகிறார் என்று தெரிந்துபோய்ப் பாதியில் சலிப்புத் தட்டுகிறது. மர்மக் கதையிலோ கடைசிப் பக்கத்தைப் புரட்டாமல் இருக்க முடியவில்லை. 'எப்படி ரசித்துப் படிப்பது, எங்கே தொடங்குவது, அக்கா?' என்று முடித்திருக்கிறார்.

முப்பது வருடம் இடைநிலைப்பள்ளியில் பாடம் நடத்தியவள் நான். அதில் பாதிக் காலம் பள்ளி நூல்நிலையத்துச் சாவியும் என் இடுப்பில்தான் இருந்தது. அத்தை என்று கூப்பிட்டிருந்தாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அண்ணனை முதலில் முடித்துவிடுவோம். அவர் வார இறுதியில் நடுராத்திரி விழித்திருந்து பந்தாட்டம் பார்ப்பவராக இருந்தால், 'அதெல்லாம் ஒரு விளையாட்டா, இருபத்திரண்டு பேர் ஒரு பந்துக்கு ஓடுவது?' என்று கேளுங்கள். போதும். அவருக்கு இதற்கு மேல் இடம் கொடுக்க வேண்டாம்.

முடிவு தெரிந்துபோகிறது என்ற தொல்லைதான் எனக்குச் சுவாரசியம். அப்பாவின் ஊர் புதுக்கோட்டைப் பக்கம். 1978இல் முதன்முதலாக அங்கே போனபோது கோயில் திருவிழா நடந்துகொண்டிருந்தது. இரவு பத்து மணிக்கு மேல் வள்ளி திருமணம் நாடகம். வள்ளி யாரைக் கட்டிக்கொள்வாள் என்பது அங்கே மடியில் தூங்கிய கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். முருகன் வேடனாக வருவார், கிழவனாக வருவார், தேனும் தினைமாவும் கேட்பார், விக்கல் எடுத்துத் தண்ணீர் கேட்பார், கடைசியில் அண்ணன் விநாயகரை யானையாக வரவழைத்து வள்ளியை மிரட்டித் தன் பக்கம் ஓடிவர வைப்பார். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய காலத்திலிருந்து அதே கதை. ஆனாலும் விடியும்வரை கூட்டம் கலையவில்லை. எல்லாரும் காத்திருந்தது தர்க்கத்துக்கு. வேடன் ஒன்று சொல்ல, வள்ளி வெடுக்கென்று திருப்ப, அவர் பாட்டில் மடக்க, இவள் பாட்டிலேயே காலை வாரிவிட, அந்த ஒன்றரை மணி நேரத்துக்காகத்தான் ஊரே பாய் விரித்துப் படுத்திருந்தது. என் பக்கத்தில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த பெரியம்மா, 'போன வருசத்து வள்ளிக்கு இவ்வளவு வாய் இல்லை' என்றார். எவ்வளவு தேர்ந்த விமர்சனம் பாருங்கள்!

மெல்லிய காதல் நாவலை அந்தப் பெரியம்மா மாதிரி படிக்க வேண்டும். சேருவார்களா என்று கேட்டால் இரண்டாம் அத்தியாயத்தில் புத்தகம் தீர்ந்துவிடும். இவ்வளவு பொருத்தமானவர்கள் இன்னும் ஏன் சேரவில்லை என்று கேட்டுப் பாருங்கள், கடைசிவரை வேலை இருக்கும். உங்கள் அண்ணன் சங்க இலக்கியம் பேசுகிறவராக இருந்தால் இன்னொன்றும் சொல்லலாம். அகப்பாட்டில் தலைவனுக்கும் தலைவிக்கும் பெயர் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பிய விதி. அதே தலைவி, அதே தோழி, அதே செவிலி, இரவில் சந்திக்கும் அதே இரவுக்குறி. ஆட்களும் கதையும் எல்லாருக்கும் பொது. நாரையை எங்கே நிறுத்தினார், தோழியை என்ன பேச வைத்தார் என்பதில்தான் புலவருக்குப் புலவர் போட்டி. வார்ப்பில் ஊற்றிய கதை என்று இளக்காரமாகச் சொல்கிறவர்கள் நம்முடைய மிகப் பழைய வார்ப்பை மறந்துவிடுகிறார்கள்.

ஆகவே ஒரு காதல் நாவல் நல்லதா என்று பார்க்க நான் தடையைத்தான் முதலில் பார்ப்பேன். இருவருக்கும் நடுவில் நிற்கும் குழப்பம் ஒரே ஒரு வாட்ஸ்அப் செய்தியில் தீர்ந்துவிடும் என்றால், அதை 300 பக்கத்துக்கு இழுக்கும் ஆசிரியரை மன்னிக்க வேண்டியதில்லை, மூடி வைத்துவிடுங்கள். தடை அவர்களுடைய குணத்திலிருந்தே வர வேண்டும். ஜேன் ஆஸ்டினின் 'பெர்சுவேஷன்' கதாநாயகிக்கு வயது 27. எட்டு வருடங்களுக்கு முன், தாய்போல் இருந்த ஒருத்தி சொன்னதைக் கேட்டு, வசதியில்லாத கடற்படைக்காரனை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். இப்போது அவன் பணக்காரனாகத் திரும்பி வந்து அதே கூடத்தில் உட்கார்ந்திருக்கிறான், இவள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இவர்களைப் பிரித்தது வில்லன் இல்லை, பொய்க் கடிதம் இல்லை. பெரியவர்கள் சொல்லைத் தட்டாத ஒரு நல்ல பெண்ணின் நல்ல குணமே தடை. உங்கள் செபராங் பிறைப் பக்கம் எத்தனை வீடுகளில் இந்தக் கதை நடந்திருக்கும்!

தமிழில் என்றால் ரமணிசந்திரனிலிருந்து தொடங்குங்கள். தீவில் லிட்டில் இந்தியாவில் தமிழ்ப் புத்தகம் விற்கும் கடையில் கேட்டுப் பாருங்கள். சுபமாகத்தான் முடியும் என்பது வாசகிக்கும் அவருக்கும் உள்ள எழுதாத ஒப்பந்தம், அதை நம்பி நிம்மதியாக உள்ளே போகலாம். இணையத்தில் வரும் தொடர்களில் மட்டும் கொஞ்சம் கவனம். பிடிக்காத பெண்ணுக்குக் கட்டாயத் தாலி கட்டி, அறைந்து, அடைத்து வைத்து, நாற்பதாவது அத்தியாயத்தில் அதற்கெல்லாம் காதல் என்று பெயர் வைக்கும் கதைகள் நிறைய உண்டு. அட்டையில் ரோஜாப்பூ போட்டிருப்பதால் அது மெல்லிய கதையாகிவிடாது. நைட் ஷிப்டு முடிந்து வந்து அதைப் படித்தால் தூக்கமும் வராது.

காதல் கதையை எப்படிச் சேர்ந்து படிப்பது என்பதற்கு எங்கள் அம்மாதான் எனக்கு உதாரணம். சுங்கை பட்டாணிப் பக்கம் தோட்டத்து லயத்தில் இருந்தோம். இந்தியாவிலிருந்து தாமதமாக வந்துசேரும் வார இதழ்களில் தொடர்கதைப் பக்கங்களை மட்டும் கிழித்து, வரிசையாக அடுக்கி, கோணி ஊசியால் தைத்து, பழைய காலண்டர் அட்டையை மேலே ஒட்டிப் புத்தகமாக்கிவிடுவார். ஒவ்வொரு அத்தியாயத்தின் பின்பக்கத்திலும் பாதி சிரிப்புத் துணுக்கும் ஒரு தைல விளம்பரமும் இருக்கும். ஒரு கதைக்கு நடுவில் ஒரு வாரத்து இதழ் வந்து சேரவே இல்லை. 17ஆம் அத்தியாயம் கிடையாது. 16இல் கோபித்துக்கொண்டு தாய்வீடு போன கதாநாயகி, 18இல் மாமியாருக்குக் காபி ஆற்றிக்கொண்டிருப்பாள். நடுவில் என்ன நடந்திருக்கும்? மாலையில் குழாயடியில் தண்ணீருக்கு நிற்கும் பெண்கள் ஆளுக்கு ஒரு 17ஆம் அத்தியாயம் சொல்வார்கள். ஒருத்தி கதையில் புருசன் மழையில் நனைந்துகொண்டு போய் மாமனார் வீட்டு வாசலில் நிற்பான். இன்னொருத்தி கதையில் மாமியாரே போய்க் கூட்டிவருவாள். (அந்த இன்னொருத்திக்குத் தன் மாமியாரோடு பேச்சுவார்த்தை இல்லாத நேரம் அது.) பல வருடம் கழித்து முழு நாவல் கைக்குக் கிடைத்தது. ஓடிப்போய் 17ஐத்தான் படித்தேன். குழாயடிப் பெண்கள் சொன்னதே மேல்.

ஆங்கிலத்தில் 'மில்ஸ் அண்ட் பூன்' பற்றி ஒரு வார்த்தை. 1908இல் லண்டனில் தொடங்கியபோது அது எல்லாவிதப் புத்தகமும் போட்ட பதிப்பகம். 1930களில்தான் காதல் கதைதான் தன் வழி என்று திரும்பியது. என் மாணவிகள் அவற்றைப் புவியியல் புத்தகத்துக்குள் ஒளித்துவைத்துப் படிப்பார்கள். நான் பறிமுதல் செய்தது ஓர் அலமாரி தேறும். பறிமுதல் செய்ததைப் படிக்காமல் விட்டேன் என்று சொல்ல மாட்டேன்.

சரி, மர்மத்துக்கு வருவோம். ஆங்கிலத்தில் 'கோசி' என்கிறார்களே, குளிருக்குப் போர்வை போல இதமான மர்மக்கதை, அதில் சில வழக்கங்கள் உண்டு. துப்பறிபவர் பெரும்பாலும் போலீஸ் இல்லை. ஓய்வு பெற்ற மாது, பேக்கரி நடத்துகிறவர், நூலகர் இப்படி யாராவது. கொலை திரைக்குப் பின்னால் நடந்துவிடும், நாம் காலையில்தான் போய்ச் சேருவோம். இடம் சின்னது, எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். கொலைகாரர் எங்கிருந்தோ வந்து குதித்தவர் இல்லை, முதல் சில அத்தியாயங்களில் நம்மோடு உட்கார்ந்து டீ குடித்தவர்தான். சுருங்கச் சொன்னால், பாதுகாப்பான வம்பு. நிஜத்தில் வம்பு பேசினால் யாருக்காவது வலிக்கும். இங்கே கடைசியில் நியாயம் கிடைக்கும்.

இந்த வகைக்கு நீங்கள் வேலை செய்யும் இடமே பொருத்தம். அகதா கிறிஸ்டி முதல் உலகப் போரின்போது டார்கீ நகர மருத்துவமனையின் மருந்தகத்தில் வேலை பார்த்தவர். குப்பிகளுக்கு நடுவில் இருந்த அந்த நாள்களில் எழுதிய முதல் துப்பறியும் நாவல்தான் 1920இல் அச்சானது. அதில் நஞ்சு வேலை செய்யும் விதத்தை மருந்தாளர்களின் தொழில் இதழே சரியாக எழுதப்பட்டிருக்கிறது என்று பாராட்டியது. எந்த நஞ்சு, எப்படி என்பதை நான் சொல்லப் போவதில்லை. கவுண்டரில் நிற்கும் உங்களுக்கு அது பிடிபடுகிறதா என்று நீங்களே பாருங்கள். ஆனால் கோசி வாசகிக்கு அவருடைய மிஸ் மார்ப்பிள்தான் நெருக்கம். 1930இல் வந்த 'மர்டர் அட் த விகாரேஜ்' அந்தப் பாட்டியின் முதல் நாவல். பூதக்கண்ணாடியும் கைரேகையும் அவருக்குத் தேவைப்படாது. 'இவரைப் பார்த்தால் எங்கள் ஊர் மீன்காரர் பையன் ஞாபகம் வருகிறது' என்ற ரீதியில் எதையாவது சொல்வார், எல்லாரும் கிழவிக்குப் புத்தி தடுமாறுகிறது என்று நினைப்பார்கள், கடைசியில் அதுதான் துப்பு. ஒவ்வொரு கோயில் மடப்பள்ளித் திண்ணையிலும் ஒரு மிஸ் மார்ப்பிள் காய் நறுக்கிக்கொண்டிருக்கிறார்.

வாசகருக்கும் ஆசிரியருக்கும் நடுவில் நேர்மையான ஆட்டம் வேண்டும் என்று அந்தக் காலத்தில் விதிகளே எழுதினார்கள். ரோனால்ட் நாக்ஸ், பாதிரியாராக இருந்துகொண்டே துப்பறியும் நாவல் எழுதியவர், 1929இல் பத்து விதிகள் போட்டார். குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே தலைகாட்டிவிட வேண்டும். துப்பறிபவர் கண்ட துப்பை வாசகரிடம் மறைக்கக் கூடாது. ரகசிய அறை ஒன்றுக்கு மேல் ஆகாது. முன்கூட்டியே சொல்லிவைக்காமல் இரட்டைப் பிள்ளைகளைக் கொண்டுவரக் கூடாது. பத்தில் ஒன்று, கதையில் சீனர் வரக்கூடாது என்பது! அன்றைய மலிவுக் கதைகளில் வில்லன் என்றால் ஒரு மர்மச் சீனரைக் கொண்டுவருவது வாடிக்கை, அந்தச் சோம்பேறித்தனத்தைக் கிண்டல் செய்துதான் அப்படி எழுதினார். ஆனாலும் ஜார்ஜ் டவுனில் கோப்பிக் கடையில் உட்கார்ந்து அந்த விதியைப் படித்தபோது நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

இப்போது உங்கள் கடைசிப் பக்கத்துத் தொல்லை. ஜார்ஜ் டவுன் சௌரஸ்தா சந்தையில், கீழே ஜாதிக்காய் ஜெருக் (ஊறுகாய்) வாங்கிக்கொண்டு மாடி ஏறினால் பழைய புத்தகக்காரர்கள். பல வருடங்களுக்கு முன் அங்கே 5 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு மர்ம நாவல் வாங்கினேன். வீட்டுக்கு வந்து பசியாறிவிட்டு உட்கார்ந்து படித்தால், 40ஆம் பக்கத்து ஓரத்தில் பென்சிலில் ஒரு பெயர், பக்கத்தில் 'இவர்தான்!' என்று ஆங்கிலத்தில். யாரோ ஒரு புண்ணியவான் கொலைகாரனைக் காட்டிக்கொடுத்துவிட்டார். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமில்லை. ஐந்து வெள்ளி போச்சே என்று தொடர்ந்து படித்தேன். அன்றைக்குத்தான் ஒரு மர்ம நாவலை ஒழுங்காகப் படித்தேன் என்று சொல்ல வேண்டும். அந்த ஆள் வாய் திறக்கும் ஒவ்வொரு இடத்திலும் நின்றேன். கடிகாரத்தை ஏன் பார்த்தார்? தோட்டத்துக் கதவு பூட்டியிருந்தது இவருக்கு எப்படித் தெரியும்? வழக்கமாக ஓடிவிடும் பக்கங்களில் ஆசிரியர் எவ்வளவு நுட்பமாகச் சாமான்களை அடுக்கியிருக்கிறார் என்று அப்போதுதான் கண்ணில் பட்டது. கடைசி அத்தியாயம் வந்தது. கொலை செய்தவர் வேறு ஆள்.

பென்சில்காரர் காட்டிக்கொடுக்கவில்லை. நாற்பது பக்கம் படித்துவிட்டுத் தன் ஊகத்தை எழுதிவைத்திருக்கிறார், அவ்வளவுதான். அவரிடமிருந்து அந்தப் பழக்கத்தை நான் எடுத்துக்கொண்டேன். முக்கால் புத்தகம் வந்ததும் மூடிவிட்டு, பின்னட்டையின் உள்பக்கத்தில் பென்சிலால் ஒரு பெயர், ஒரே வரியில் காரணம், பக்க எண். எழுதிய பிறகு நீங்கள் தாராளமாகக் கடைசிப் பக்கத்தைப் புரட்டலாம், நான் தடுக்க மாட்டேன். கையெழுத்துப் போட்டுப் பந்தயம் கட்டியபின் அந்த ஆசை பாதி அடங்கிவிடும் என்பது என் அனுபவம். பெர்ரியில் ஒரு முறை கடக்க ஒரு சின்ன அத்தியாயம் கணக்கு. இன்னொன்று, தூக்கக் கலக்கத்தில் மர்மம் வேண்டாம், துப்பெல்லாம் நழுவிவிடும். வேலைக்குப் போகும்போது மர்மம், திரும்பும்போது காதல்.

தமிழில் கோசி உண்டா என்றால், அந்தப் பெயர் பரவுவதற்கு வெகுகாலம் முன்பே நமக்குத் தேவனின் துப்பறியும் சாம்பு வந்துவிட்டார். 1940களில் ஆனந்த விகடனில் வந்த கதைகள். பேங்க் குமாஸ்தாவாக இருந்த அசடு. தப்பும் தவறுமாக எதையாவது செய்வார், அதுவே துப்பாக முடிந்து பெயர் வாங்கித்தரும். வீட்டில் மனைவி வேம்பு, வெளியே இன்ஸ்பெக்டர் கோபாலன். காலையில் கிளம்பும் முன் ஒரு சாம்பு கதை படித்தால் அன்று கவுண்டரில் யார் கத்தினாலும் கோபம் வராது. உங்களுக்குப் பிடித்த இரண்டும் ஒரே புத்தகத்தில் வேண்டுமென்றால் பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத், சுசீலா. சுசீலாவின் டி-ஷர்ட் வாசகங்களும் இருவரின் சீண்டலும் தர்க்கம் ரகம்தான். ஆனால் அவை வேகமான கதைகள், போர்வைக்குள் படிப்பதற்கு ஓட்டம் கொஞ்சம் அதிகம்.

நம் பக்கத்து ஆங்கில நாவல்களில் ஓவிடியா யூவின் 'ஆன்ட்டி லீஸ் டிலைட்ஸ்' (2013) உங்களுக்குச் சரியாக இருக்கும். சிங்கப்பூரில் சாப்பாட்டுக்கடை நடத்தும் பெரனாக்கான் (மலாய்ப் பழக்கம் கலந்த சீன வம்சாவளி) விதவை. யார் எதை எப்படிச் சாப்பிடுகிறார் என்பதை வைத்தே ஆளை எடைபோடுவார். கோலாலம்பூரில் நடக்கும் கொலை வேண்டுமென்றால் ஷாமினி பிளின்ட் எழுதிய இன்ஸ்பெக்டர் சிங் வரிசையின் முதல் புத்தகம், 2009இல் வந்தது. சிங்கப்பூரிலிருந்து வரும் தொப்பை வைத்த சீக்கியப் போலீஸ்காரர், சாப்பாட்டில் பிரியர். போலீஸ் என்பதாலும், எடுத்துக்கொண்ட குடும்ப வழக்கு கனமானது என்பதாலும் அதை முழுக் கோசி என்று சொல்ல மாட்டேன். கொலையே வேண்டாம், மர்மம் மட்டும் போதும் என்றால் போட்ஸ்வானாவில் நடக்கும் 'நம்பர் ஒன் லேடீஸ் டிடெக்டிவ் ஏஜென்சி' (1998). அப்பா விட்டுப்போன மாடுகளை விற்றுத் துப்பறியும் நிலையம் வைக்கும் பெண். அதன் நிதானம் சிலருக்கு அலுக்கும். எனக்கு அலுக்கவில்லை. ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஒரு பூனையும் கடைசியில் மூன்று பக்கம் கேக் செய்முறையும் வரும் புத்தகங்களை மட்டும் நான் தாண்டிவிடுவேன்.

மலையடிவாரத்து இங்கிலீஷ் கிராமம் இருந்தால்தான் இந்தக் கதை எடுபடும் என்று நினைக்காதீர்கள். கோலாலம்பூர் செந்தூலில் என் தங்கை இருக்கும் கொண்டோவில் (அடுக்குமாடி வீட்டில்) போன வருடம் வராந்தாவிலிருந்த கறிவேப்பிலைத் தொட்டி காணாமல் போனது. வாட்ஸ்அப் குழுவில் நூற்றுக்கு மேல் செய்தி. பாதுகாவலரின் வருகைப் பதிவேட்டைப் புரட்டியாயிற்று, எதிர்வீட்டுக்காரரோடு பேச்சு நின்றாயிற்று. ஒன்பதாம் மாடியில் இருக்கும் ஓய்வு பெற்ற தாதி ஒருவர்தான் கண்டுபிடித்தார். தினமும் மாலை ஏழு மணிக்கு லிப்டுத் தரையில் வட்டமாக ஈரம் இருக்கிறது, யாரோ தண்ணீர் வாளியைக் கீழே வைக்கிறார்கள் என்று கவனித்து, மொட்டைமாடிக்கு ஏறிப் பார்த்திருக்கிறார். அங்கே நல்ல வெயிலில் தொட்டி, பக்கத்தில் வாளியோடு என் தங்கை புருசன். செடி வாடுகிறதே, துளிர்த்த பிறகு கொண்டுவந்து ஆச்சரியப்படுத்தலாம் என்று இருந்தாராம். ஈர வட்டம், வாளி, ஏழு மணி: நாக்ஸ் பாதிரியார் கேட்டிருந்தால் நேர்மையான ஆட்டம் என்று சொல்லியிருப்பார். முப்பது வருடம் ஆன தம்பதி என்பதால் காதல் கதை ரசிகர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

அந்த ஐந்து வெள்ளிப் புத்தகம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. பெயர் சொல்லமாட்டேன், ஆட்டம் கெட்டுவிடும். இதுவரை நான்கு பேருக்கு இரவல் கொடுத்தேன். நால்வரும் திருப்பிக் கொடுக்கும்போது, '40ஆம் பக்கத்தில் யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள், அழித்துவிடவா டீச்சர்?' என்று கேட்டார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நான்காமவர் மட்டும் தன் பங்குக்கு 112ஆம் பக்கத்தில் இன்னொரு பெயரை எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அதுவும் தப்பு.